ஓட்டை டப்பா

காற்று உள்ளே போகக் கூடாது. தகர டப்பாவைப் படைத்தவர்களுக்கு இருந்த பெரிய கவலை அதுதான். படைகளுக்கும் கப்பல்களுக்கும் கெடாத உணவு வேண்டும் என்று பிரெஞ்சு அரசு பரிசு அறிவித்திருந்த காலம். நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்து, தக்கையால் இறுக்கி, கொதிநீரில் போட்டு வேகவைத்து ஒரு வழி கண்டார். 1810ல் அவருக்கு 12,000 பிராங்க் கிடைத்தது. காற்றை விரட்டியதால்தான் உணவு கெடவில்லை என்றே அவர் நம்பினார். கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் என்று பாஸ்டர் வந்து சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதே 1810ல் லண்டனில் பீட்டர் டியூராண்ட் என்ற வணிகர், கண்ணாடிக்குப் பதிலாகத் தகரத்தைப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை விலைகொடுத்து வாங்கிய பிரையன் டான்கினும் ஜான் ஹாலும் லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் தொழிற்சாலை வைத்தார்கள். 1813 முதல் பிரிட்டிஷ் படைகளுக்கு டப்பா இறைச்சி போகத் தொடங்கியது.

அடைப்பதில் இருந்த அக்கறை திறப்பதில் இருக்கவில்லை. கனமான தகட்டில் செய்த அந்த டப்பாக்களை உளியும் சுத்தியலும் வைத்துத்தான் உடைக்க வேண்டியிருந்தது. டப்பா திறப்பான் என்ற கருவி வர 1850கள் ஆயின. அதாவது பொருள் பிறந்து நாற்பது ஆண்டு கழித்துத்தான் அதற்குச் சாவி கிடைத்தது. ஆனால் அடைப்பு என்றால் அப்படியொரு அடைப்பு. ஆர்க்டிக் கடலுக்கு 1824ல் பயணம் போன வில்லியம் பாரியின் கப்பலில் இருந்த கன்றிறைச்சி டப்பா ஒன்றை 1938ல் திறந்து பார்த்தார்கள். இறைச்சி கெட்டிருக்கவில்லை.

இப்படிக் காற்றுக்கு எதிரியாகப் பிறந்த பொருள், அடிப்பக்கம் நாலு ஓட்டை வாங்கிக்கொண்டு, காற்றாலேயே பிழைக்கிற அடுப்பாக மாறியது. அந்த இரண்டாம் பிழைப்பைத் தந்தவர்களில் விஞ்ஞானிகள் கடைசியாக வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் வேலையற்றவர்களும் சிப்பாய்களும் டீக்கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

டப்பாவின் உடம்பு எஃகு. வெள்ளீயம் என்பது மேலே தடவிய மெல்லிய தோல் மட்டும். பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் உட்கார்ந்து துருத்தி ஊதிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது; அங்கே களிம்பு ஏறாமல் இருக்க எது பூசப்பட்டதோ, அதுவே இங்கே துரு ஏறாமல் இருக்கப் பூசப்பட்டது. இந்தத் தகட்டைச் செய்வதில் 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாடு உலகுக்கே முதன்மையாக இருந்தது. வெள்ளீயம் முதலில் பக்கத்திலுள்ள கார்ன்வாலில் கிடைத்தது, பிறகு மலாயாவின் பேராக் பக்கமிருந்து வந்து குவிந்தது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். டப்பா அடுப்பாகும்போது இந்த எண்ணுக்குத்தான் வேலை, பின்னால் பார்ப்போம்.

காலி டப்பாவுக்கு இருக்கும் மதிப்பைக் கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டவர்கள் எண்ணெய் வணிகர்கள். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் அமெரிக்க மண்ணெண்ணெயை நீல நிறச் சதுர டின்களில் அடைத்து, இரண்டு டின்னுக்கு ஒரு மரப்பெட்டி என்று ஆசியத் துறைமுகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. லண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல் அதை முறியடிக்க நினைத்தார். டின் எதற்கு, பெட்டி எதற்கு, எண்ணெயை அப்படியே கப்பல் வயிற்றில் ஊற்றிக் கொண்டுபோனால் செலவு மிச்சமாகுமே என்று 1892ல் 'முரெக்ஸ்' என்ற எண்ணெய்க் கப்பலைச் சூயஸ் கால்வாய் வழியாக அனுப்பினார். மக்கள் சொந்தப் பாத்திரம் கொண்டுவந்து எண்ணெய் வாங்கிப் போவார்கள் என்பது அவர் கணக்கு. அவர்களோ டின்னோடு வரும் எண்ணெயையே கேட்டார்கள். எண்ணெய் எரிந்து தீர்ந்துவிடும். கூரையாகவும் குவளையாகவும் சட்டியாகவும் நிற்கப்போவது டின்தானே! சாமுவேல் சட்டென்று புத்தியை மாற்றிக்கொண்டார். தகட்டை வரவழைத்து, ஆசியாவிலேயே டின் செய்து, சிவப்புச் சாயம் பூசி விற்றார். கடல் கடந்து வந்த நீல டின் நசுங்கித் துருவேறி நிற்க, அங்கேயே செய்த சிவப்பு டின் பளபளத்தது. அந்த வணிகந்தான் பின்னால் ஷெல் கம்பெனி ஆயிற்று.

நம் ஊரில் அந்தச் சதுர டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. சுமார் 18 லிட்டர் பிடிக்கும். மேல் தகட்டை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர் சுமக்கலாம். நாலு பக்கத்தையும் பிரித்துத் தட்டினால் குளியல் மறைப்புக்குக் கதவு. அரிசி போட்டு வைக்கலாம், துளசி நடலாம். மளிகைக் கடையில் இன்று 15 கிலோ எண்ணெய் வருகிற டின் அதன் நேர் வாரிசு. இன்னொரு பயனும் உண்டு. அதற்கு முன் ஒருமுறை அமெரிக்கா போய்வர வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் இருப்புப்பாதை கண்டம் முழுக்க ஓடத் தொடங்கியதும், வேலை தேடிச் சரக்கு ரயிலில் திருட்டுத்தனமாக ஏறி ஊர் ஊராகப் போகும் ஒரு கூட்டம் உருவாயிற்று. அறுவடைக்கு ஒரு மாநிலம், மரம் வெட்ட இன்னொன்று, பாதை போட மற்றொன்று. 'ஹோபோ' என்று அவர்களைச் சொன்னார்கள். சரக்கு ரயில் நின்று புறப்படும் நிலையங்களுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீரும் விறகும் கிடைக்கும் மரத்தோப்பில் அவர்கள் தங்குவார்கள். அந்த இடத்துக்கு 'ஜங்கிள்' என்று பெயர். கையில் பாத்திரம் சுமந்து ஓடும் ரயிலில் ஏற முடியாது. ஆகவே ஊர்க் குப்பையில் கிடக்கும் டப்பாதான் பாத்திரம், தட்டு, டம்ளர், அடுப்பு எல்லாம்.

தானே ஹோபோவாகத் திரிந்து பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நெல்ஸ் ஆண்டர்சன் 1923ல் அவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜங்கிளின் எழுதாச் சட்டங்களை அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார். சமைத்த பாத்திரத்தைக் கழுவாமல் போவது குற்றம். சாப்பாட்டை வீணாக்குவது குற்றம். விறகு பொறுக்காமல் சமைக்க உட்காருவது குற்றம். பாத்திர பண்டத்தை உடைப்பது குற்றம். காவலர்கள் சோதனைக்கு வரக்கூடிய இடத்தில் இரவில் தீ மூட்டுவது பெரிய குற்றம். வீடில்லாதவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்களின் சமையலறை ஒழுக்கம் இது. யாரோ விட்டுப்போன டப்பாவில் இவன் சமைக்கிறான், இவன் கழுவி வைத்ததில் நாளை வருகிறவன் சமைப்பான். கல்யாண மண்டபத்து அடுக்களைகளில்கூட இந்தக் கட்டுப்பாடு கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

அந்த அடுப்பைச் செய்வது மிக எளிது. மேல்மூடி வெட்டிய பெரிய டப்பா. அடிப்பக்கம் சுற்றிலும் ஆணியால் ஓட்டைகள். பக்கவாட்டில் குச்சி நுழைக்க ஒரு வாசல். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே இன்னும் சில ஓட்டைகள், பாத்திரம் வாயை மூடினாலும் புகை வெளியேற. அவ்வளவுதான். திறந்த வெளியில் மூன்று கல் வைத்து மூட்டும் தீ காற்றில் அலைந்து, பாதிச் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடும். டப்பாவுக்குள் மூட்டினால் தகடு காற்றை மறைக்கிறது, சூட்டைத் திருப்பி விறகின் மேலேயே அடிக்கிறது, கொஞ்சம் சுள்ளியிலேயே காபி கொதிக்கிறது. வெளிச்சமும் அதிகம் தெரியாது. ரயில்வே காவலர்களுக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

1929ல் பங்குச் சந்தை விழுந்து, 1933ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லை என்ற நிலை வந்தபோது, ஜங்கிள்களில் கூட்டம் பெருகியது. சிறுவர்களும் சரக்கு ரயில் ஏறினார்கள். டப்பா அடுப்புக்கு 'ஹோபோ அடுப்பு' என்று இன்றும் பெயர் நிற்பதற்கு அந்தப் பத்தாண்டே காரணம். விந்தை என்னவென்றால், வறுமையின் அடுப்பு சாரணர் பயிற்சிக்குள் புகுந்து பொழுதுபோக்காகியும்விட்டது. சிறிய மீன் டப்பாவில் அட்டைச் சுருளை வைத்து மெழுகை உருக்கி ஊற்றி, அதன்மேல் பெரிய டப்பாவைக் கவிழ்த்து முட்டை பொரிக்கப் பழகினார்கள் அமெரிக்கச் சாரணச் சிறுமிகள்.

இனி லிபியப் பாலைவனம். 1940 முதல் 1943 வரை அங்கே நடந்த போரில் பிரிட்டிஷ் படைக்குப் பெட்ரோல் வந்தது நாலு கேலன் சதுரத் தகர டின்னில். சாமுவேல் காலத்து டின்னின் சித்தப்பா மகன் என்று சொல்லலாம், அதே 18 லிட்டர். தகடு மகா மெல்லிது. லாரி குலுங்கினால் மூட்டு விட்டு ஒழுகும். வழியிலேயே சுமார் 30 விழுக்காடு பெட்ரோல் வீணாயிற்று என்று தளபதி ஆக்கின்லெக் கணக்குச் சொன்னார். ஜெர்மானியர்களின் கனத்த 20 லிட்டர் கேனைக் கைப்பற்றியபோதெல்லாம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதை விடாமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அதே மாதிரியைத் தாங்களும் செய்ய ஆரம்பித்தார்கள்.

பெட்ரோலைக் காக்கத் தெரியாத டின், தேநீர் போடுவதில் கெட்டி. டின்னை இரண்டாக வெட்டுவார்கள். கீழ்ப்பாதியில் பக்கமெல்லாம் ஓட்டை குத்தி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊற்றிக் கிளறி, தள்ளி நின்று தீ வைப்பார்கள். மணல் திரியாக வேலை செய்யும், தீ நின்று எரியும். மற்ற பாதி தண்ணீர் கொதிக்கும் பாத்திரம். தேயிலை, சர்க்கரை, டப்பாப் பால். 'பெங்காசி பர்னர்' என்று ஒரு நகரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அணையப் போகிறதே என்று எரிகிற மணலில் மறுபடி பெட்ரோல் ஊற்றினால் கையும் முகமும் போகும். இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

அந்தப் பாலைவனத்தில் நாலாவது இந்தியப் படைப்பிரிவும் இருந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற நம்மூர்ப் பொறியாளர் படையினர் கண்ணிவெடி எடுக்கவும் பாதை போடவும் அதனுடன் போயிருந்தார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்தோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தோ போன ஒருவருக்கு அந்த மணலும் பீரங்கியும் புதிதாக இருந்திருக்கும். சதுர டின் புதிதாக இருந்திருக்காது.

காரணம், நம் ஊர் டின்னுக்கு இருந்த அந்த இன்னொரு பயன்: மரத்தூள் அடுப்பு. டீக்கடை, மெஸ், விடுதிச் சமையலறை என்று ஒரு காலத்தில் எங்கும் கனன்ற அடுப்பு. டின்னின் மேல் தகட்டை வெட்டி எடுப்பார்கள். அடியில் பக்கவாட்டில் ஒரு வட்டத் துளை. நடுவில் ஒரு புட்டியை அல்லது உருட்டுக் கட்டையை நிறுத்தி, பக்கத் துளை வழியாக இன்னொரு கட்டையை நுழைத்து அதோடு முட்டச் செய்வார்கள். மர அறுவை மில்லிலிருந்து சாக்கில் வாங்கிவந்த தூளைச் சுற்றிலும் கொட்டி, கையாலும் கட்டையாலும் இடித்து இடித்து இறுக்குவார்கள். பிறகு புட்டியைத் திருகி மேலே எடுத்து, கீழ்க்கட்டையை உருவினால், கீழே படுத்து நடுவில் எழுந்து நிற்கும் ஒரு சுரங்கம் தூளுக்குள்ளேயே உருவாகிவிடும். அடித்துளையில் எண்ணெய்த் துணியைப் பற்றவைத்தால் காற்று கீழே நுழையும், தீ நடுச்சுரங்கத்தில் ஏறும். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து விறகு தள்ள வேண்டாம். ஊதுகுழல் வேண்டாம். மணிக்கணக்கில் தானே எரியும். தூளை இறுக்குவதில்தான் சூட்சுமம். தளர இடித்தால் சரிந்து சுரங்கம் மூடிக்கொள்ளும், ஈரத்தூள் என்றால் கடை முழுக்கப் புகை. காலையில் முதலில் வரும் பையனின் வேலை அடுப்பு இடிப்பது, கடை முதலாளி அதை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அந்தச் சுரங்கத்தின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் அப்ரோவெச்சோ என்ற ஆய்வு மையம் இருக்கிறது. ஏழை நாடுகளின் சமையல் அடுப்புகளே அதன் பாடம். அங்கே லாரி வினியார்ஸ்கி 1982 வாக்கில் உருவாக்கிய 'ராக்கெட் அடுப்பு'க்கும் உள்ளே அதே வடிவந்தான். படுத்த குழாயில் விறகும் காற்றும் நுழையும், நின்ற குழாயில் தீ ஏறும். பெரிய தகர டப்பாவுக்குள் சிறிய டப்பாக்களை வெட்டிக் கோத்தே இதைச் செய்துவிடலாம். நடுவில் கிடக்கும் இடைவெளியை விறகுச் சாம்பலால் நிரப்ப வேண்டும். அங்கேதான் அவர் யோசனை. கனத்த மண் அடுப்பு சூட்டைக் காக்கும் என்று நாம் நினைக்கிறோம். மண் முதலில் தானே சூட்டைக் குடித்துவிட்டுத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும். காற்றறைகள் நிறைந்த இலேசான சாம்பல் அப்படிக் குடிப்பதில்லை. எரியும் இடம் சீக்கிரம் கொதித்துப்போகிறது, புகை அங்கேயே எரிந்துவிடுகிறது. டீக்கடை அடுப்பில் இறுக்கிய மரத்தூளே விறகாகவும் சூடு காக்கும் சுவராகவும் இருந்ததைக் கவனித்தால் இரண்டுக்கும் உள்ள உறவு புரியும். யார் யாரிடம் கற்றார் என்ற வழக்கு வேண்டாம். காற்று எங்கே நுழைந்து எங்கே ஏறுகிறது என்று உற்றுப் பார்த்தவர்கள் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

விறகு எரிகிறது என்று சொல்கிறோமே, உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு விறகாக எரிவதே இல்லை. சூடு ஏறினால் முதலில் ஈரம் போகும். 200 டிகிரியைத் தாண்டும்போது மரம் சிதைந்து வாயுக்களாகவும் தாராகவும் வெளிவரும். அந்த வாயு எரிவதுதான் நாம் பார்க்கும் சுடர். எரியாமல் தப்பிய வாயுதான் கண்ணைக் கரிக்கும் புகை. மிஞ்சும் கரி, தணலாகச் சுடரில்லாமல் கனியும். ஆகவே அடுப்புக்கு இரண்டு காற்று வேண்டும்: மரத்தைச் சிதைக்கக் கீழே கொஞ்சம், வந்த வாயுவை எரிக்க மேலே நிறைய. ஹோபோக்கள் மேல் விளிம்பில் குத்திய ஓட்டைகள் புகை போக என்று குத்தப்பட்டவை. அந்த மேல் ஓட்டைகள் வழியாகக் காற்றை உள்ளே அனுப்பினால் என்ன என்று கேட்டவர்தான் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ரீட். 1985ல் அவர் அந்த வேலையைத் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் நார்வேக்காரர் போல் வெண்டல்போ, ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே, தனியாக அதே முறைக்கு வந்திருந்தார்.

அவர்கள் அடுப்பில் தீயை மேலிருந்து வைக்க வேண்டும். நம் பாட்டிகள் தலையில் அடித்துக்கொள்ளும் விஷயம். குச்சிகளை நெருக்கமாக நிறுத்தி, உச்சியில் பற்றவைத்தால் தீ மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கீழேயிருந்து எழும் வாயு மேலேயுள்ள சூடான கரியின் ஊடே வந்து, மேல் ஓட்டைகளில் வரும் சூடான காற்றைச் சந்தித்து எரியும். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தனித்தனிச் சுடர் உள்நோக்கிச் சீறும். புகை ஏறக்குறைய இராது. விறகு தீர்ந்தபின் அடியில் கைப்பிடி கரி மிச்சம் கிடைக்கும்.

இதைச் செய்ய இரண்டு பால் பவுடர் டப்பா போதும், ஒரு கிலோவுடையது ஒன்று, அரைக் கிலோவுடையது ஒன்று. ஒன்றுக்குள் ஒன்று போனால் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும், உள் டப்பா உயரம் குறைவாக இருக்க வேண்டும். சிறிய டப்பாவின் அடித்தகடு முழுக்க ஆணி ஓட்டைகள், வாய் விளிம்புக்கு ஒரு விரல் கீழே சுற்றிலும் ஒரு வரிசை. பெரிய டப்பாவைக் கவிழ்த்து, இப்போது மேலே வந்த அடித்தகட்டில் சிறியது சரியாக நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டி, சிறியதை வாய் மேலிருக்க உள்ளே இறக்கினால் அதன் விளிம்பு தட்டி நிற்கும். பெரிய டப்பாவின் கீழ் ஓரத்தில், தரைக்கு அருகே, சுற்றிலும் பெரிய ஓட்டைகள். அங்கே நுழையும் காற்றில் ஒரு பகுதி அடித்தகட்டு ஓட்டைக்குள் போகும். மீதி இரண்டு சுவர்களுக்கும் நடுவே சூடாகி ஏறி மேல் வரிசையில் வெளிவரும். பாத்திரத்தை நேராக வாயில் வைத்தால் தீ மூச்சுத் திணறும், நடுவே இடம் விட்டு ஒரு வளையமோ மூன்று ஆணியோ வேண்டும்.

ஆணி அடிக்கும்போது டப்பா நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு உருட்டுக் கட்டையைக் கொடுத்து அடியுங்கள். தகரக் கத்தரியால் வெட்டிய ஓரம் சவரக் கத்திக்குச் சமம், அரத்தால் தேய்த்துவிட்டுத் தொடுங்கள். பெயின்ட் டப்பாவும் பூச்சிமருந்து டப்பாவும் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம், அதைச் சுடவைத்தால் வரும் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். குளிர்பானக் கேன் அலுமினியம், 660 டிகிரியில் உருகும், விறகுத் தீக்கு அது தாங்காது. உணவு டப்பாவாக இருந்தாலும் சாயமும் உள்பூச்சும் எரிந்து போக முதல்முறை வெறும் தீ மூட்டி, காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

அந்த முதல் தீயிலேயே 232 டிகிரி கடந்துபோகிறது. வெள்ளீயத் தோல் உருகிக் கருகிக் கரைந்துவிடும். நூறாண்டு இறைச்சியைக் காத்த காப்பு போனபின் நிர்வாண எஃகு தீக்கும் பனிக்கும் நேராக நிற்கிறது. செதில் செதிலாக உரியும், ஒரு மழையில் சிவக்கும், அடித்தகடு ஒருநாள் குச்சியோடு சேர்ந்து கீழே விழும். அடுப்பாகிற நாளிலேயே டப்பாவின் முடிவும் தொடங்கிவிடுகிறது.

அதனால்தான் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இது போகிறவர்களின் அடுப்பு. சரக்கு ரயிலில் போனவனுக்கும் பாலைவனத்தில் போனவனுக்கும் அகதிக்கும் மலை ஏறுகிறவனுக்கும் பொருந்தும். தினமும் மூன்று வேளை சமைக்கும் குடும்பத்துக்கு இதைத் தூக்கிக் கொடுத்து வறுமைக்குத் தீர்வு என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். விறகுப் புகை சாதாரண விஷயமில்லை. வீட்டுப் புகையால் 2020ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் மலிவான அடுப்பைக் கொடுத்துவிட்டால் புகை நின்றுவிடுவதும் இல்லை. எஸ்தர் துஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரெமா ஹன்னா மூவரும் ஒடிசாவில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் பெண்களின் உடலுக்குள் போகும் புகை குறைந்தது. பிறகு பராமரிப்பு குறைந்தது, அடுப்பைப் பயன்படுத்துவதும் குறைந்தது, பலனும் போய்விட்டது. மண் அடுப்புக்கே அந்தக் கதி என்றால் டப்பா எம்மாத்திரம். கென்யாவில் 1980களில் இதற்கு ஒரு நல்ல விடை கிடைத்தது. பழைய தகரத்தில் உடம்பு, உள்ளே சுட்ட களிமண் கிண்ணம். தீ படுவது மண்ணில், அடி படுவது தகரத்தில். அது கரி அடுப்பு, ஆனாலும் டப்பாவின் குறையைச் சரியாகப் பிடித்த வேலை. கேஸ் வாங்க முடிந்த வீடு கேஸ்தான் வாங்க வேண்டும்.

அகதி என்றேன். 1994ல் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் கோமா நகரைச் சுற்றி வந்து தங்கினார்கள். அவர்கள் அடுப்பெரிக்க மரம் வெட்டியதில் பக்கத்திலிருந்த விருங்கா தேசியப் பூங்காவின் ஒரு பகுதி மொட்டையாயிற்று. அந்த ஆண்டே யுனெஸ்கோ அந்தப் பூங்காவை ஆபத்திலுள்ள பாரம்பரியத் தலங்களின் பட்டியலில் சேர்த்தது. மூன்று கல் அடுப்பு கட்டையாகக் கேட்கும். டப்பா அடுப்பு சுண்டுவிரல் பருமனுள்ள சுள்ளியில் அடங்கிவிடும். நிவாரணமாக வரும் எண்ணெய் டின் அப்படிப்பட்ட முகாமில் எடைக்குப் போடும் பழைய தகரம் அல்ல.

நமக்கு ஒரு கடைசிப் பேச்சு. அடுப்பு செய்த உற்சாகத்தில் பையில் போட்டுக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த போதைப்புல்லுக்கு ஒரு பொறி போதும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படியும் குற்றம். மொட்டை மாடியில் இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் வையுங்கள், தோட்டத்திலோ ஆற்று மணலிலோ வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். கரி அணைந்துவிட்டது என்று கண்ணை நம்பாமல் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். வெளியே மழை என்று கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுபோய் வைக்க வேண்டாம். சுடர் இல்லாத தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும், அதற்கு மணமும் இல்லை, கண்ணையும் கரிக்காது.